எண்ணிக்கை என்ன? பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

2003 அக்டோபரில், பாஸ்டனுக்கு மேற்கே உள்ள வால்தம் நகருக்கு வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆட்டம் பார்க்க வரும்படி அழைத்தார். பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸுக்கும் நியூயார்க் யாங்கீஸுக்கும் இடையிலான தொடரின் ஏழாவது ஆட்டம் அது. வெல்லும் அணி பட்டத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸுக்குப் போகும். நள்ளிரவைத் தாண்டி, 11-வது இன்னிங்ஸில், ரெட் சாக்ஸின் டிம் வேக்ஃபீல்டு வீசிய முதல் பந்தையே யாங்கீஸின் ஆரன் பூன் கூட்டத்துக்குள் அடித்தார். அத்தோடு முடிந்தது. பெரியவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது மனிதரை இப்படி வாயடைக்க வைக்கும் ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். விதிப்புத்தகம் எதையும் கையில் தரவில்லை. ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "எண்ணிக்கை என்ன?" நான் சொல்ல வேண்டும். பனிக்காலம் வந்து ஃபுட்பால், அதாவது அமெரிக்கக் கால்பந்து, பார்க்க உட்கார்ந்தபோதும் அதே கேள்விதான். இரண்டு விளையாட்டுகளும் அந்தக் கேள்வி வழியாகத்தான் எனக்குத் திறந்தன. உங்களுக்கும் அந்த வழியையே காட்டுகிறேன். நான் ரெட் சாக்ஸின் ரசிகன், ஃபுட்பாலில் பேட்ரியட்ஸின் ரசிகன். ஆகவே எடுத்துக்காட்டுகள் எல்லாம் பாஸ்டனிலிருந்தே வரும்.

ஏப்ரலில் தொடங்குங்கள், பிப்ரவரியில் வேண்டாம்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும் ஃபுட்பால் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில்தான் தொடங்குகிறார்கள். நண்பர் வீட்டில் கூட்டம், சாப்பாடு, விளம்பரம், இடைவேளைக் கச்சேரி. நான்கு மணி நேரம் கழித்து வீடு திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. பத்து மாதம் படித்தவர்கள் எழுதும் ஆண்டுத் தேர்வு அது. அதைப் போய் முதல் வகுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் நாளை இன்னொன்று. தினம் அரை மணி நேரம் பார்த்தாலே ஒரு மாதத்தில் கண் பழகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே பேஸ்பாலை முதலில் பிடிக்கச் சொல்கிறேன். ஃபுட்பால் செப்டம்பரில் வரட்டும்.

கிரிக்கெட் கண்ணை எங்கே மாற்ற வேண்டும்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்பால் பாதி தெரிந்த மாதிரி இருக்கும். அந்தப் பாதியில்தான் தடுமாற்றமும் வரும்.

கிரிக்கெட்டில் விக்கெட் விலை உயர்ந்தது, ஓட்டம் மலிவு. இங்கே தலைகீழ். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக மொத்தம் 27 அவுட்கள். ஓட்டங்களோ நான்கைந்து வந்தாலே நல்ல நாள். பத்து முறை பேட் பிடித்து மூன்று முறை பிழைப்பவர் சிறந்த ஆட்டக்காரர். 1941-இல் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் .406 என்ற சராசரியோடு பருவத்தை முடித்தார். அதாவது அவரும் பத்துக்கு ஆறு முறை தோற்றார். அந்தப் பருவத்தின் கடைசி நாள் காலையில் அவருடைய சராசரி .39955. வெளியே உட்கார்ந்திருந்தால் அதை .400 என்று முழுமையாக்கி எழுதியிருப்பார்கள். அவர் உட்காரவில்லை. அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டு முறையில் ஆறு முறை அடித்தார். தோல்வி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் விளையாட்டில் அப்படி இறங்கியதுதான் எனக்கு அவர் மீதுள்ள மரியாதை.

அடுத்து, பின்பக்கம் அடிக்க முடியாது. பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து விரியும் இரண்டு கோடுகளுக்குள் பந்து விழ வேண்டும். வெளியே போனால் ஃபவுல். உள்ளே விழுந்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். அடித்துவிட்டு நிற்கலாமா, ஓடலாமா என்று யோசிக்கும் உரிமை பேட்டருக்குக் கிடையாது.

பந்து தரையில் பட்டு வருவதும் இல்லை. பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம், அதாவது 18.4 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தைவிடக் குறைவு. மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் பந்து அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் பிளேட்டைக் கடந்துவிடும். தரை செய்யும் வேலையையும் இங்கே பிட்சரின் விரல்களே செய்கின்றன. தையல் மீது விரலை எப்படி வைக்கிறார், எப்படி விடுவிக்கிறார் என்பதில்தான் வளைவும் சரிவும் பிறக்கின்றன. நம் வேக்ஃபீல்டு போட்ட நக்கிள்பால் இதிலும் தனி ரகம். சுழற்சியே இல்லாமல், மணிக்கு 105 கிலோமீட்டர் வாக்கில் தள்ளாடித் தள்ளாடி வரும். எங்கே போகும் என்று பேட்டருக்கும் தெரியாது, பிடிக்கும் கேட்சருக்கும் தெரியாது. அதை வைத்துக்கொண்டே மனிதர் 200 வெற்றிகளைக் குவித்தார்.

இன்னொன்று: வெளியே போன ஆட்டக்காரர் அன்று திரும்பி வர முடியாது. ஆகவே எப்போது யாரை மாற்றுவது என்பது மேலாளரின் பெரிய தலைவலி. அதைப் பற்றித்தான் மறுநாள் ஊர் முழுக்கச் சண்டை நடக்கும்.

முதல் இரண்டு எண்கள்

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

பேட்டரின் நெஞ்சுப் பகுதியிலிருந்து முழங்கால் வரை உயரமும், பிளேட்டின் 17 அங்குல அகலமும் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சன்னல் இருக்கிறது. அதற்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும், எங்கே வந்த பந்தையும் பேட்டை வீசித் தவறவிட்டாலும் அது ஸ்டிரைக். சன்னலுக்கு வெளியே வந்து, பேட்டரும் வீசாமல் விட்டுவிட்டால் அதன் பெயர் பால். மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட். நான்கு பாலில் அவருக்கு முதல் பேஸ், அதாவது ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வரும் வழியில் தொட வேண்டிய மூன்று நிறுத்தங்களில் முதலாவது, இலவசம். அதை வாக் என்பார்கள். ஃபவுலும் ஸ்டிரைக்காகவே கணக்காகும். ஆனால் மூன்றாவது ஸ்டிரைக்காக ஆகாது. அதனால் திறமையான பேட்டர் கெட்டியாக நின்று பந்து பந்தாக ஃபவுல் செய்து பிட்சரைக் களைக்க வைக்கலாம்.

எண்ணிக்கையைச் சொல்லும்போது பால் முன்னால், ஸ்டிரைக் பின்னால். 3-1 என்றால் மூன்று பால், ஒரு ஸ்டிரைக்.

ஒவ்வோர் எண்ணிக்கையும் அந்த நேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. 0-2 என்றால் பிட்சர் ராஜா. நல்ல பந்து போட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. சன்னலுக்கு வெளியே மண்ணில் விழும் பந்தைப் போட்டு ஆசை காட்டுவார். 3-1 என்றால் பேட்டர் ராஜா. நான்காவது பாலுக்குப் பயந்து பிட்சர் நேரான பந்தைப் போட்டே தீர வேண்டும். பேட்டர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். பெரிய அடிகள் பல இந்த எண்ணிக்கையில்தான் பறக்கும். 3-2 வந்தால் இருவருக்கும் ஒரே பந்து மிச்சம். அதோடு இரண்டு அவுட்டும் ஆகி, எல்லாப் பேஸிலும் ஆள் இருந்தால், பிட்சர் கையை அசைத்ததுமே மூன்று பேரும் ஓடத் தொடங்குவார்கள். நின்று பார்த்து அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. அரங்கமே எழுந்து நிற்கும். அந்த ஒரு பந்துக்காகக் குளிரில் மூன்று மணி நேரம் உட்காரலாம் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

"பேஸ்பால் மெதுவான ஆட்டம்" என்று சொல்பவர்கள் எண்ணிக்கையைக் கவனிக்காதவர்கள். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் இரண்டு பேர் ஒருவர் மனதை ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பென்சிலும் தாளும்

முதல் ஆட்டத்திலிருந்தே ஸ்கோர் குறிக்கப் பழகுங்கள். கைப்பேசி எல்லாவற்றையும் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் கையால் குறித்தது மட்டுமே மனதில் நிற்கும்.

களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது, நடு, வலது வெளிக்களங்கள் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிய, அவர் அதை முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு பேரை அவுட் ஆக்கினால் 6-4-3. வீசித் தவறி அவுட் ஆனால் 'கே' என்ற ஆங்கில எழுத்து. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தை வலது இடமாகத் திருப்பி எழுத வேண்டும். பேஸ்பாலின் ஸ்கோர் கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்தவர், முதலில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். நம் விளையாட்டின் கணக்குப்பிள்ளை ஒருவர்தான் இவர்களுக்கும் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஃபென்வேக்குப் போகும் நாள்

நான்கைந்து வாரம் திரையில் பார்த்துவிட்டு, பாஸ்டனில் இருந்தால் ஃபென்வே பார்க்குக்குப் போங்கள். 1912 ஏப்ரல் 20 அன்று திறந்த அரங்கம், இன்றும் அதே இடத்தில். கிரீன் லைன் ரயிலில் ஏறி கென்மோர் நிலையத்தில் இறங்கினால் கூட்டமே வழிகாட்டும்.

டிக்கெட் வாங்கும்போது தூண் மறைக்கும் இருக்கையா என்று பாருங்கள். பழைய அரங்கம் என்பதால் கூரையைத் தாங்கும் தூண்கள் உள்ளே நிற்கின்றன. மறைக்கும் இருக்கை என்றால் டிக்கெட்டிலேயே குறிப்பிட்டிருப்பார்கள். வலது புறத் திறந்தவெளி இருக்கைகளை நான் விரும்புவேன். விலை குறைவு, பக்கத்தில் உட்காருபவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள். அங்கே பச்சை இருக்கைகளுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு இருக்கை தெரியும். 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து வந்து விழுந்த இடம் அது.

எதிர்ப்புறம், இடது பக்கத்தில் கிரீன் மான்ஸ்டர் என்ற பச்சைச் சுவர். உயரம் 37 அடி 2 அங்குலம். பிளேட்டிலிருந்து அது 310 அடி தூரம்தான். வேறு அரங்கத்தில் கேட்ச் ஆகியிருக்கும் பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பும். வேறு அரங்கத்தில் களத்தைத் தாண்டிப் பறந்து ஹோம் ரன் ஆகியிருக்கும் தாழ்வான அடியும் இங்கே சுவரில் மோதித் திரும்பும். இந்த ஊர் இடது வெளிக்கள ஆட்டக்காரர் சுவர் எப்படித் திருப்பித் தரும் என்று மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சுவரின் அடியில் இருக்கும் ஸ்கோர் பலகையை இன்றும் உள்ளே ஆள் உட்கார்ந்து கையால்தான் மாற்றுகிறார்.

ஏப்ரலில் குளிர் எலும்பில் ஏறும். கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு வேர்க்கடலை இருக்கிறது. விற்பவர் பொட்டலத்தை வரிசை தாண்டிக் குறிபார்த்து எறிவார், பிடித்துக்கொள்ள வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய ஒரு கதை

தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை ரெட் சாக்ஸ் யாங்கீஸுக்கு விற்ற ஒப்பந்தம் 1919 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வென்ற 1918 பட்டத்துக்குப் பிறகு 86 ஆண்டுகள் பாஸ்டனுக்குப் பட்டமே இல்லை.

2004 அக்டோபரில் மீண்டும் யாங்கீஸ். முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவதில் 19-8 என்று நொறுங்கினார்கள். அன்று மறுநாள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டிய பிட்சர் வேக்ஃபீல்டு. மற்ற பிட்சர்களின் கைகளைக் காப்பாற்றுவதற்காக, தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்து, தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில் தானாகவே முன்வந்து பந்து வீசினார். முந்தைய ஆண்டு அந்த ஹோம் ரன்னைக் கொடுத்தவர். பட்டத்தின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று பின்தங்கல். யாங்கீஸுக்குப் பந்து வீசியவர் மரியானோ ரிவேரா. கெவின் மில்லார் வாக் பெற்றார். அவருக்குப் பதில் ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். பிட்சர் வீசும்போதே ஓடி இரண்டாவது பேஸைத் திருடத்தான் அவர் வந்திருக்கிறார் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து அவரை விரட்டினார். பிறகு பில் மியூலருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார், கை நுனியால் பேஸைத் தொட்டார். மியூலர் அடித்த அடியில் ராபர்ட்ஸ் ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர, சமநிலை. 12-வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸின் ஹோம் ரன். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். அதற்கு முன் 3-0 என்று பின்தங்கிய எந்த பேஸ்பால் அணியும் தொடரை வென்றதில்லை. அக்டோபர் 27 அன்று செயின்ட் லூயிஸில் பட்டமும் வந்தது.

1918-க்குப் பிறகு பிறந்து 2004-க்கு முன்பே இறந்துபோனவர்களை நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து பார்க்காமலே போனவர்கள். அந்த வாரம் மாசசூசெட்ஸ் மயானங்களில் பல கல்லறைகள் மீது ரெட் சாக்ஸ் தொப்பிகளும் கொடிகளும் இருந்தன. எங்கள் பெரியவரும் தம் தந்தையின் கல்லறைக்குப் போனார். நான்தான் காரை ஓட்டிச் சென்றேன். நான்காவது ஆட்டத்தை அவர் குறித்திருந்த தாளை மடித்துக் கல்லுக்கடியில் செருகிவிட்டு வந்தார்.

புதிய விதிகள் பற்றி என் கருத்து கேட்டால் இந்தக் கதையை வைத்தே சொல்வேன். 2023 முதல் பிட்சருக்குக் கடிகாரம் வந்துவிட்டது. காலி பேஸ்கள் என்றால் 15 விநாடிக்குள் வீச வேண்டும். ஆட்டம் சராசரியாக 24 நிமிடம் குறைந்தது. பழைய ரசிகர்கள் பலர் எதிர்த்தார்கள். நான் வரவேற்கிறேன், வேலை நாளில் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதோடு வந்த இன்னொரு விதி, ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் மூன்றாவது முறை எறிந்து ஓட்டக்காரரை அவுட் ஆக்க முடியாவிட்டால், ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் இலவசம் என்கிறது. இந்த விதி 2004-இல் இருந்திருந்தால், ரிவேராவின் மூன்றாவது எறியோடு ராபர்ட்ஸ் நடந்தே இரண்டாவது பேஸுக்குப் போயிருப்பார். அந்தத் திருட்டே நடந்திருக்காது. அந்த மூன்று எறிகளில் ஏறிய பதற்றத்தை எந்தக் கடிகாரத்தாலும் ஈடுகட்ட முடியாது. பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஓர் ஆளைச் சும்மா நிறுத்தி வைக்கும் விதியை நான் ஏற்கவே மாட்டேன். உழைக்காமல் பேஸில் நிற்பவர் அடிக்கும் ஓட்டம் ஓட்டமா? அக்டோபர் ஆட்டங்களில் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர்: அடுத்த இரண்டு எண்கள்

பெயர் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. கையால் எறிவதும், அணைத்துக்கொண்டு ஓடுவதும்தான் பெரும்பாலும். இனி ஃபுட்பால் என்றே எழுதுகிறேன்.

100 யார்டு நீளக் களம். இரு முனைகளிலும் பத்து யார்டு எண்ட் ஸோன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் பத்து யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு டவுன். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. எண்ணிக்கை இப்படி வரும்: "மூன்றாவது டவுன், ஏழு யார்டு." அதாவது மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு யார்டு வேண்டும். திரையில் தெரியும் மஞ்சள் கோடு அந்த இலக்குதான். 1998-இல் தொலைக்காட்சிக்கு வந்த அந்தக் கோடு புதியவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். மைதானத்தில் அது இருக்காது என்பதால்தான் ஃபுட்பாலை முதலில் வீட்டில் பார்க்கச் சொல்கிறேன்.

பேஸ்பாலின் 3-1 போலவே இங்கும் எண் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது டவுன், ஒரு யார்டு என்றால் எறியவும் செய்யலாம், ஓடவும் செய்யலாம். தற்காக்கும் அணி குழம்பும். மூன்றாவது டவுன், பன்னிரண்டு என்றால், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எறியத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்; தடுப்பவர்கள் அவர் மீது பாய்வார்கள். நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தை எதிரணியின் பக்கம் தொலைவாக உதைத்து அனுப்புவார்கள், அது பன்ட். கம்பங்களுக்கு அருகில் இருந்தால் அவற்றின் நடுவே உதைப்பார்கள், அது ஃபீல்டு கோல்.

புள்ளிகள்: பந்தோடு எண்ட் ஸோனுக்குள் நுழையும் டச்டவுனுக்கு 6. அதன்பின் ஓர் உதைக்கு 1, அல்லது இன்னொரு முறை உள்ளே நுழைந்தால் 2. ஃபீல்டு கோலுக்கு 3. ஆக, ஒரு வாய்ப்பில் அதிகபட்சம் 8. எட்டுப் புள்ளி பின்தங்கல் என்றால் ஒரு வாய்ப்புத் தொலைவு, ஒன்பது என்றால் இரண்டு வாய்ப்பு. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கடைசிக் கால்மணி நேரம் முழுவதும் விளங்கும்.

பந்து உண்மையில் நகரும் நேரத்தைக் கூட்டினால் மூன்று மணி நேர ஆட்டத்தில் கால்மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரம் யோசனையும் ஏற்பாடும் விளம்பரமும்தான். ஆரம்பத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். நடுவில் குனிந்து நிற்கும் ஐந்து பெருத்த மனிதர்களைப் பாருங்கள். அவர்கள் பின்னோக்கி நகர்ந்தால் எறியப் போகிறார்கள், முன்னோக்கிப் பாய்ந்தால் ஓடப் போகிறார்கள். இந்தக் குறிப்பு எனக்கு இரண்டாவது ஆண்டில்தான் கிடைத்தது. முதல் வாரமே உங்களுக்குத் தந்துவிட்டேன்.

பார்த்தே ஆக வேண்டிய ஆட்டம்

2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். பேட்ரியட்ஸுக்கும் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கும் சூப்பர் பவுல். மூன்றாவது கால்பகுதியில் 28-3 என்று அட்லாண்டா முன்னிலை. பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் 199-வது ஆளாக எடுக்கப்பட்டவர். அதற்கும் முன்னால், 1995-இல், மான்ட்ரியல் எக்ஸ்போஸ் பேஸ்பால் அணி அவரை ஒரு கேட்சராகத் தேர்ந்தெடுத்திருந்தது! அவர் அந்தப் பக்கம் போயிருந்தால் இந்த ஊரின் இருபது ஆண்டு வரலாறே வேறு.

பேட்ரியட்ஸ் மெல்ல 28-20 வரை வந்துவிட்டார்கள். நான்கரை நிமிடம் சொச்சம் மிச்சம். அப்போது அட்லாண்டாவின் ஹூலியோ ஜோன்ஸ் கோட்டோரத்தில் ஓர் அபாரமான கேட்ச் பிடித்தார். பந்து பேட்ரியட்ஸின் 22 யார்டு கோட்டில். இனி எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஓர் எளிய ஃபீல்டு கோல் அடித்தால் 31-20. பதினொரு புள்ளி, இரண்டு வாய்ப்புத் தொலைவு. ஆட்டம் முடிந்த மாதிரி. முதல் டவுனில் ஓடினார்கள், ஒரு யார்டு இழப்பு. இரண்டாவது டவுன், பதினொன்று. ஓடியிருந்தால் போதும், கடிகாரமும் கரைந்திருக்கும். எறியப் பின்வாங்கினார்கள். குவார்ட்டர்பேக்கை மடக்கிப் பிடித்ததில் 12 யார்டு இழப்பு. மூன்றாவது டவுன், இருபத்து மூன்று. மறுபடி எறிய முயன்றபோது பிடித்து இழுத்ததற்காகத் தண்டம், இன்னும் பத்து யார்டு. மூன்றாவது டவுன், முப்பத்து மூன்று! பந்து இப்போது 45 யார்டு கோட்டில். அங்கிருந்து உதைப்பதானால் 62 யார்டுக்கு மேல். அன்றைய சாதனையே 64 யார்டுதான். பன்ட் செய்தார்கள். பிரேடி 91 யார்டு கடந்து வந்து டச்டவுன், கூடவே இரண்டு புள்ளி. 28-28. கூடுதல் நேரத்தில் ஜேம்ஸ் வைட்டின் ஓட்டம். 34-28.

எல்லோரும் பிரேடியைப் பேசுவார்கள். அந்த 22 யார்டிலிருந்து 45 யார்டுக்குப் பின்னோக்கிப் போன மூன்று நிகழ்வுகளைப் பார்க்கத் தெரிந்தால் உங்களுக்கு ஃபுட்பால் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய விதிப்படி கூடுதல் நேரத்தில் முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் அடித்தால் ஆட்டம் முடிந்தது. அட்லாண்டாவின் கையில் பந்து வரவே இல்லை. என் அணி வென்ற ஆட்டம்தான். ஆனாலும் அது நியாயமற்ற விதி. பிறகு இரு அணிகளுக்கும் வாய்ப்பு என்று மாற்றினார்கள், சரியாகச் செய்தார்கள்.

மனதை உறுத்தும் விஷயம்

இதைச் சொல்லாமல் ஃபுட்பாலை உங்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த பிறகு தானமாக வந்த, தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இன் முன்னாள் ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-இல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு இருந்தது. நோய்க்குறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ள முடியாது. அப்படியிருந்தும் 111-இல் 110. பேட்ரியட்ஸுக்கும் ஆடிய ஜூனியர் சேவ் 2012-இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மூளையிலும் அதே சிதைவு. நான் இன்றும் ஆட்டம் பார்க்கிறேன். ஆனால் தலை மோதும்போது கைதட்டுவதில்லை. என் மகனை அதில் சேர்க்கவில்லை. இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பறித்தால் போதும் என்ற ஃபிளாக் ஃபுட்பாலில் சேர்த்தேன். உங்கள் பிள்ளை கேட்டால் அதையே சொல்வேன். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் இருக்கிறது, பேஸ்பாலும் கிரிக்கெட்டும்கூட.

இரண்டில் எது மேல் என்று கேட்பார்கள். என் விடை பேஸ்பால். ஃபுட்பால் வாரம் ஒருமுறை வரும் திருவிழா; 17 ஆட்டத்தில் பருவம் முடிந்துவிடும். பேஸ்பால் ஆறு மாதம் வீட்டில் கூடவே இருக்கும். சமையலறையில் வானொலியில் ஓடும், மழை வந்தால் நிற்கும், நீங்கள் அயர்ந்து தூங்கிய பிறகும் மேற்குக் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும்.

அணியும் நேரமும்

ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். நீங்கள் வாழும் ஊரின் அணி என்றால் நல்லது. கடைக்காரரோடும் பஸ் ஓட்டுநரோடும் பேச ஒரு விஷயம் கிடைக்கும். பிரேடி 2020-இல் போனபோது பலர் அவர் பின்னாலேயே வேறு அணிக்குப் போனார்கள். பேட்ரியட்ஸ் 2023-இலும் 2024-இலும் 4-13, அதாவது நான்கு வெற்றி, பதின்மூன்று தோல்வி, என்று முடித்தார்கள். அந்த 34 ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நான் பார்த்தேன். இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்வதைப் பார்ப்பது வெற்றி ஆண்டுகளில் கிடைக்காத அனுபவம்.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு: பாஸ்டனில் மாலை 7 மணி ஆட்டம் என்றால் அங்கே மறுநாள் அதிகாலை 4.30. எழுந்து காப்பியோடு உட்கார்ந்தால் வேலைக்குக் கிளம்பும் முன் முடிந்துவிடும். ஞாயிறு பகல் 1 மணி ஃபுட்பால் இரவு 10.30-க்குத் தொடங்கும், நவம்பரில் இங்கே கடிகாரத்தை மாற்றியதும் 11.30. சூப்பர் பவுல் திங்கள் காலை 5 மணி.

முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் மட்டும் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களைக் கேளுங்கள். அரங்கத்துக்குப் போனால் பேனா வேண்டாம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் தூறலில் மை கரைந்துவிடும்.